ஆடலைத் தேடிப் பெருநகர் சென்ற ஆசிரியை

நடனத்திலே நாட்டம் இல்லாத ஒரு பெண்மணி, நடனக் கல்வியைத் தேடி உலகின் மாபெரும் நகரங்களுள் ஒன்றுக்குச் சென்றார் என்று சொன்னால், வாசகர்கள் நம்மைச் சற்றே ஐயத்தோடு நோக்கக்கூடும். ஆயினும் நடந்தது அதுதான். ஆண்டு 1916. பெண்மணியின் பெயர் மார்கிரட் ஹடூப்ளர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலே உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். உயிரியல் படித்துப் பட்டம் பெற்றவர். அப்பொழுது வயது இருபத்தேழு. அவருடைய உள்ளத்தைக் கொள்ளை கொண்டிருந்த கலை எது தெரியுமா? கூடைப்பந்தாட்டம்!

அரங்கேற்றம் முடித்த மகளை வைத்துக்கொண்டு, "இனி இவளை என்ன படிப்பிப்பது?" என்று சிந்திக்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். நடனத்தையே தொழிலாகக் கொள்ளலாமா, அல்லது அதனைக் கற்பிக்கும் ஆசிரியையாகலாமா, அதற்கெனப் பட்டப்பின் படிப்பு எங்கேனும் உண்டா என்று வினவும் மாணவியரும் பலர். உண்டு. நியூயோர்க் போன்ற பெருநகரங்களிலே அத்தகைய படிப்பு இன்று நன்கு வேரூன்றியிருக்கின்றது. அங்கு சென்று சேரும் மாணவி முதலில் எதிர்பார்ப்பது ஒன்று. அவளை எதிர்கொள்வதோ வேறொன்று. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை அறிய வேண்டுமாயின் ஹடூப்ளர் அம்மையாரின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேட்டனுப்பிய கேள்வி

அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளிலே பெண்களுக்கு நடனம் கற்பிக்கப்படாமல் இல்லை. உடற்பயிற்சிப் பாடத்தின் ஒரு மூலையிலே அது ஒதுங்கியிருந்தது. பலே நடனத்தின் கைநிலை, கால்நிலைகளை இலேசாக்கி, அழகியல் நடனம் என்ற பெயரால் புகட்டுவார்கள். ஐரோப்பிய நாடுகளின் கிராமிய நடனங்களும் சில உண்டு. ஆசிரியை முன்னே நின்று செய்து காட்டுவார்; மாணவியர் பின்னே நின்று பார்த்துச் செய்வர். உடம்புக்கு நல்லது, நடைக்கு நளினம் தரும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அங்கே பெண்கள் உடற்பயிற்சிப் பகுதியின் தலைவியாக இருந்தவர் பிளான்ச் ட்ரில்லிங் என்னும் அம்மையார். ஹடூப்ளர் மேற்படிப்புக்காக நியூயோர்க் செல்லவிருப்பதை அறிந்த அவர், ஒரு வேலையையும் கூடவே ஒப்படைத்தார். பல்கலைக்கழகத்திலே படிக்கும் ஒரு பெண் தன் நேரத்தைச் செலவிடத் தகுந்த நடனம் ஏதேனும் அந்த மாநகரிலே இருக்கின்றதா என்று தேடிப் பார்த்து வர வேண்டும் என்பதே அது.

இந்தக் கேள்வியின் கூர்மையைச் சற்று நின்று நோக்க வேண்டும். அழகான நடனம் எது என்று அவர் கேட்கவில்லை. பேர்பெற்ற நடன ஆசிரியர் யார் என்றும் கேட்கவில்லை. இரசாயனமும் கணிதமும் வரலாறும் இடம்பெறும் அதே நேரசூசியிலே, அவற்றோடு சரிநிகராக நிற்கத் தகுதியுள்ள நடனம் எது என்று கேட்டார். இவ்வாறு கேட்க அந்நாளில் எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. நம் நாட்டிலும் இன்றுவரை எத்தனை பேர் கேட்டிருப்போம்? கூடைப்பந்தாட்டத்தை விட்டுவிட்டு இதென்ன வேலை என்று ஹடூப்ளருக்கு மனத்தாங்கல். ஆயினும் தலைவியின் சொல்லைத் தட்ட இயலுமா? புறப்பட்டு விட்டார்.

பெருநகரும் பேராசிரியரும்

மடிசன் நகரம் ஏரிகளுக்கு நடுவே அமைந்த அமைதியான கலாசாலைப் பட்டினம். அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் மைல் கிழக்கே, 1916இன் நியூயோர்க் எப்படி இருந்திருக்கும்? நிலத்தினடியே புகைவண்டிகள் ஓடத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1913ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட வூல்வொர்த் மாளிகை, உலகத்திலேயே உயர்ந்த கட்டடமாய் வானத்தைத் தொட்டு நின்றது. ஐரோப்பாவிலே பெரும் போர் மூண்டிருந்தது. ஹடூப்ளரின் படிப்புக் காலத்தின் நடுவிலேயே, 1917 ஏப்பிரிலில், அமெரிக்காவும் அப்போரிற் குதித்தது.

அந்த நகரத்தின் வடபகுதியிலே, 120ஆம் வீதியில், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரிய கலாசாலை இருக்கின்றது. 1887ஆம் ஆண்டு தோன்றிய இக்கலாசாலை, கற்பிப்போருக்குக் கற்பிப்பதையே நோக்கமாகக் கொண்டது. ஹடூப்ளர் அங்கே நடனத்தைப் படிக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். அவர் படித்தது மெய்யியலும் அழகியலும். ஆசிரியப் பயிற்சி பெற்ற நம் வாசகர்கள் பலருக்கும் அறிமுகமான ஜோன் டூயி அந்நாளிலே கொலம்பியாவின் பேராசிரியர். "ஜனநாயகமும் கல்வியும்" என்ற அவருடைய பெருநூல் வெளிவந்தது, ஹடூப்ளர் நியூயோர்க் சென்று சேர்ந்த அதே 1916ஆம் ஆண்டிலேதான்.

பிள்ளையின் மனம் வெறுங்குடம் அன்று. ஆசிரியர் அதிலே நீரை வார்ப்பவரும் அல்லர். பிள்ளை தானே செய்து, தானே தடுமாறி, தடுமாற்றத்தைச் சிந்தித்து, மறுபடியும் செய்வதனால்தான் கல்வி உண்டாகின்றது. டூயியின் கோட்பாட்டைச் சுருங்கச் சொன்னால் இவ்வளவே. இது மரவேலைக்கும் விஞ்ஞானத்துக்கும் நன்றாகப் பொருந்தியது. நடனத்துக்குப் பொருந்துமா? பொருந்தச் செய்வது எப்படி?

வகுப்பு இல்லாத வேளைகளிலே ஹடூப்ளர் நகரத்து நடனக் கூடங்களைச் சுற்றிப் பார்த்தார். இசடோரா டங்கன் வெறுங்காலோடு ஆடி உலகை வியக்க வைத்திருந்த காலம் அது. ஆசிரிய கலாசாலையைச் சார்ந்த கெர்ட்ரூட் கொல்பி அம்மையார், பிள்ளைகளின் இயல்பான ஓட்டம், துள்ளல்களிலிருந்து ஒரு நடனத்தை வளர்க்க முயன்று வந்தார். அது நல்ல முயற்சியே. ஆயினும் பெரும்பாலான கூடங்களிலே ஹடூப்ளர் கண்டது பழைய காட்சிதான்: ஆசிரியர் செய்து காட்டுகின்றார், மாணவர் பார்த்துச் செய்கின்றனர். பகலிலே டூயியின் சிந்தனை. மாலையிலே அதற்கு நேர்மாறான வகுப்பு. மாதங்கள் கழிந்தன. ட்ரில்லிங் அம்மையாருக்குக் கொண்டுபோகத்தக்க விடை எதுவும் அகப்படவில்லை.

தரையிலே கிடந்த மாணவர்

அந்நிலையிலேதான் அலிஸ் பென்ட்லி என்பவரின் வகுப்புக்கு ஹடூப்ளர் சென்றார். பென்ட்லி நடன ஆசிரியை அல்லர், இசை ஆசிரியை. சிறுவருக்கான பாட்டுப் புத்தகங்கள் எழுதி வெளியிட்டவர். அவருடைய வகுப்பிலே மாணவர் நிற்கவில்லை; தரையிலே படுத்துக் கிடந்தனர்! கிடந்தபடியே உருண்டனர், சுருண்டனர், நீண்டனர்.

வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பார்த்தவர் உயிரியல் பட்டதாரி அல்லவா? அவர் கண்ணுக்கு வேறொன்று புலப்பட்டது.

நாம் நிமிர்ந்து நிற்கும்பொழுது, விழாமல் நிற்பதற்கென்றே உடம்பிலுள்ள பல தசைகள் ஓயாது உழைக்கின்றன. கூன்முதுகு உடையவர் அந்தக் கூனோடுதான் நிற்கின்றார். தோளை இறுக்கும் பழக்கமுள்ளவர் இறுக்கத்தோடுதான் கையை உயர்த்துகின்றார். பழக்கம் முந்திக்கொள்ள, உணர்வு பிந்திவிடுகின்றது. தரையிலே படுத்தவுடன் நிலைமை மாறுகின்றது. உடம்பைத் தாங்கும் பொறுப்பைத் தரை ஏற்றுக்கொள்கின்றது. இப்பொழுது முழங்காலை மெல்ல மடக்கினால், அந்த மடிப்பு இடுப்புப் பொருத்திலே எப்படிப் போய்ச் சேருகின்றது, முதுகெலும்பு அதற்கு எப்படி விடைகொடுக்கின்றது என்பதையெல்லாம் ஒருவர் தாமே உணரலாம். பார்த்துப் பின்பற்ற எதிரே எவரும் இல்லை. தம் உடம்பே தமக்குப் பாடப்புத்தகம்.

நடனத்தின் அடவுகளும் சதிகளும் நாட்டுக்கு நாடு வேறு; காலத்துக்குக் காலம் வேறு. ஆனால் எலும்பும் பொருத்தும் தசையும் மாந்தர் யாவர்க்கும் பொது. ஆகவே நடனக் கல்வியை ஒரு நாட்டின் அடவிலிருந்து தொடங்காமல், உடம்பின் அமைப்பிலிருந்து தொடங்கலாம் அல்லவா? முதலில் உடம்பு எவ்வாறு அசைகின்றது என்று அறிதல். அடுத்து, அசைவின் உணர்வை உற்று நோக்குதல். பின்னர் அதைக்கொண்டு தாமே ஒன்றை ஆக்குதல். இவ்வழியிலே சிந்தனைக்கு இடமுண்டு, ஆராய்ச்சிக்கு இடமுண்டு, மேடையேறும் திறமை இல்லாத மாணவிக்கும் இடமுண்டு. டூயியிடம் கேட்ட கோட்பாடும் பென்ட்லியின் தரையும் ஹடூப்ளரின் மனத்திலே ஒன்றாய் இணைந்தன. தேடி வந்த நடனம் எந்தக் கூடத்திலும் ஆயத்தமாக இருக்கவில்லை. கற்பிக்கும் முறையைத்தான் அவர் கண்டெடுத்தார்.

இவ்விடத்திலே நம்மைப் பற்றியும் ஒரு சொல். பரதம் பழகும் சிறுமியைக் கேட்டுப் பாருங்கள். அரைமண்டியிலே முழங்கால் நோகின்றது என்பாள். அரைமண்டியின்போது பாதங்கள் வெளிநோக்கித் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்புப் பொருத்திலிருந்து வருவதே முறை. இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால், நடுவிலே அகப்படுவது முழங்கால்தான். அது முன்பின்னாக மடங்குவதற்கு அமைந்த பொருத்தே அன்றி முறுக்குவதற்கு அமைந்தது அன்று. "இன்னும் இரு, இன்னும் இரு" என்று தட்டுக்கழியைத் தட்டுவதற்கு முன் இதைச் சொல்லிக் கொடுக்கும் வகுப்புகள் எத்தனை? சொல்லிக் கொடுக்கும் ஆசிரியைகள் இல்லாமல் இல்லை. அவர்களிடம் பழகும் பிள்ளைகள் பாக்கியசாலிகள்.

எலும்புக்கூடும் கண்கட்டும்

1917ஆம் ஆண்டின் கோடைகால வகுப்பிலே ஹடூப்ளர் தம் முறையைத் தொடங்கினார். வகுப்பறையிலே ஓர் எலும்புக்கூடு நிறுத்தப்பட்டிருக்கும். தரையிலே உருள்வதற்காக மாணவியர் முழங்காலுக்கு உறை கட்டிக்கொள்வர். பக்கத்திலுள்ளவளைப் பார்த்துச் செய்யக்கூடாது என்பதற்காகச் சில வேளைகளிலே கண்ணையும் கட்டிக்கொள்வர். எல்லாவற்றிலும் வியப்பு யாதெனில், ஆசிரியை ஒருபோதும் ஆடிக்காட்டுவதில்லை! கேள்வி கேட்பார், எலும்புக்கூட்டிலே பொருத்தைக் காட்டுவார், மாணவியர் தாமே கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருப்பார்.

நம் நட்டுவனார்களும் உட்கார்ந்திருந்து கற்பித்தவர்களே என்று வாசகர் ஒருவர் சொல்லக்கூடும். மெய்தான். எழுந்து ஆடாமலே வாயாலும் கைக்கோலாலும் தலைசிறந்த நர்த்தகிகளை உருவாக்கியவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் கையிலே தலைமுறை தலைமுறையாக வந்த உருப்படிகள் இருந்தன. அவற்றைப் பழுதின்றி ஒப்படைப்பதே அவர்கள் தருமம். ஹடூப்ளரின் கையிலே ஒப்படைக்க உருப்படி எதுவும் இல்லை. இரண்டும் ஒன்றென்று நாம் மயங்கலாகாது. ஒன்று மற்றதற்கு இழிந்தது என்றும் கொள்ளலாகாது.

1926ஆம் ஆண்டு விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் நடனத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பட்டப்படிப்பை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே நடனத்திற்கெனத் தோன்றிய முதற் பட்டப்படிப்பு அது. சென்னையிலே ருக்மிணி தேவி அம்மையார் கலாக்ஷேத்திரத்தை நிறுவியது 1936இல் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் காலம் விளங்கும். ஹடூப்ளரிடம் பயின்றவர்களுள் அன்னா ஹல்பிரின் என்பவர் பெரும் புகழ் பெற்றார். புற்றுநோயாளருக்கும் எயிட்ஸ் நோயாளருக்கும் ஆடலை ஆறுதலாகக் கொடுத்த அவர், 2021இல் நூறாவது வயதிலே காலமானார்.

ஆடுவோரா, கற்பிப்போரா?

ஹடூப்ளரின் முறை குறையற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. மேடைக் கலையின் கடும் பயிற்சி அதிலே இல்லை என்று அக்காலத்திலேயே பலர் குறைகூறினர். அதற்கு மறுபக்கத்தைக் காட்ட மார்தா ஹில் என்னும் இன்னொரு ஆசிரியை இருக்கின்றார். அவரும் ஆசிரிய கலாசாலையிலே படித்தவர். 1929 முதல் 1931 வரை, மார்தா கிரஹாமின் குழுவிலே ஆடினார். பகலிலே கற்பித்தவர் ஹில். மேடையிலே ஆடியவரோ "மார்தா டொட்" என்ற புனைபெயர் பூண்டவர்! ஒரே உடம்பிலே இரண்டு பெயர். ஆடுவோர் வேறு, கற்பிப்போர் வேறு என்று உலகம் பிரித்து வைத்திருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் அவர் ஆட்டத்தை விட்டுக் கற்பித்தலை வரித்துக்கொண்டார். 1930 முதல் நியூயோர்க் பல்கலைக்கழகத்திலே பணியாற்றினார். 1934இல் பெனிங்டன் கல்லூரியிலே அவர் முன்னின்று தொடங்கிய கோடைகாலப் பள்ளிக்கு நாடெங்கிலுமிருந்து உடற்பயிற்சி ஆசிரியைகள் வந்து குவிந்தனர். மார்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி போன்ற பெருங்கலைஞர்களிடம் நேரே பயின்று, தத்தம் கல்லூரிகளுக்கு அந்தப் பயிற்சியைக் கொண்டு சென்றனர். 1951இல் ஜூலியார்ட் கலைப்பள்ளியின் நடனப் பகுதியும் அவர் தலைமையிலேயே ஆரம்பமாயிற்று. கலைஞர் இல்லாமல் கல்வி இல்லை என்பது ஹில்லின் கட்சி. கல்வி பெறுவோர் எல்லாரும் கலைஞராக வேண்டியதில்லை என்பது ஹடூப்ளரின் கட்சி. இவ்விரு கட்சிகளுக்கும் நடுவேதான் இன்றைய படிப்பு நடக்கின்றது. நம்மைக் கேட்டால், பாடசாலை வகுப்பறைக்கு ஹடூப்ளரே பொருத்தமானவர் என்போம். ஆசிரியை தம் கலையிலே பட்டுப்போகாமல் இருப்பதற்கு ஹில் வேண்டும்.

இன்று செல்லும் மாணவிக்கு

இக்காலத்தில் நியூயோர்க்கிலே இத்துறையில் மேற்படிப்பை விரும்பும் மாணவிக்குப் பல வாயில்கள் உண்டு. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டைன்ஹார்ட் பகுதியிலே நடனக் கல்வியில் முதுமாணிப் படிப்பு உண்டு. நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் கல்லூரியிலும் உண்டு. அது அரசாங்கச் சார்புடையது ஆகையால் செலவு ஒப்பீட்டளவிலே குறைவு. ஹடூப்ளர் படித்த அதே ஆசிரிய கலாசாலையிலே, இந்த நூற்றாண்டிலே நடனக் கல்வியிற் கலாநிதிப் பட்டத்துக்கான படிப்பும் தொடங்கப்பட்டுள்ளது. 92ஆம் வீதியிலுள்ள பழம்பெரும் கலை நிலையமொன்றிலே 1995இல் ஆரம்பிக்கப்பட்ட நடனக் கல்விப் பயிற்சிக்கூடம், ஏற்கெனவே தொழில் பார்க்கும் ஆசிரியர்களுக்கும் குறுங்காலப் பயிற்சி அளிக்கின்றது.

இத்தனை நிலையங்கள் ஒரே நகரிலே ஏன்? காரணம் கலையரங்குகள் மட்டுமல்ல. ஏறத்தாழ 9 இலட்சம் பிள்ளைகள் படிக்கும் பொதுப் பாடசாலைகள் அந்நகரில் உள்ளன. அங்கே நடனம் ஒரு பாடம். பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எவ்வெப்பருவத்தில் என்ன கற்பிக்கலாம் என்று வகுத்துக் காட்டும் வழிகாட்டி நூலொன்றை நகரக் கல்வித் திணைக்களம் 2005ஆம் ஆண்டு வெளியிட்டது. நடன ஆசிரியருக்கென மாநில அரசு வழங்கும் தனிச் சான்றிதழும் உண்டு. அதைப் பெற விரும்புவோர் அனுபவமுள்ள ஆசிரியரின் மேற்பார்வையிலே பாடசாலைகளிற் கற்பித்துக் காட்டல் வேண்டும்.

இங்கேதான் நம் மாணவிக்குத் திகைப்பு உண்டாகும். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பரதம் பயின்றவள். மார்க்கம் முழுவதையும் ஆட வல்லவள். போய்ச் சேர்ந்தவுடன் இன்னும் சிறந்த ஆட்டக்காரியாகப் போகின்றோம் என்று எண்ணியிருப்பாள். ஆனால் அவள் முன்னே வைக்கப்படுவது வேறு. ஐந்து வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேர். அவர்களுள் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் இருக்கின்றது. முக்கால் மணி நேரத்திலே அவர்கள் அனைவரும் எதையேனும் தாமே ஆக்க வேண்டும். அதற்கு ஒரு பாடத்திட்டம் எழுது; ஏன் அவ்வாறு எழுதினாய் என்றும் சொல்! எழுதியதைப் பேராசிரியர் பார்த்துக் கேள்விமேற் கேள்வி கேட்பார். உடற்கூற்றியல் உண்டு, பிள்ளை உளவியல் உண்டு, ருடோல்ஃப் லாபன் வகுத்த முறைப்படி, அசைவை உடல், விசை, வெளி, வடிவம் என்று பகுத்து நோக்கும் பயிற்சி உண்டு, ஆராய்ச்சிக் கட்டுரை உண்டு. அவள் தன் சொந்தக் கலையைச் சாதகம் பண்ண நேரம் தேடி அலைய வேண்டியிருக்கும். சிறு அறையொன்றிலே, கீழ்மாடிக்காரர் முறையிடாதபடி, தட்டடவை ஓசையின்றித் தட்டிப் பழகும் நிலைகூட வரலாம்.

இது இழப்பே, இழப்பில்லை என்று ஆறுதல் சொல்வது பொய். ஆயினும் வேறொன்று கிடைக்கின்றது. தான் ஏழு வயதிலே ஏன் என்று கேளாமல் ஏற்றுக்கொண்ட ஒவ்வொன்றையும் இப்பொழுது ஏன் என்று கேட்கப் பழகுகின்றாள். தட்டடவின் விசை யாது? நாட்டடவு வெளியை எவ்வாறு அளக்கின்றது? லாபன் முறை கற்ற மாணவி தன் பரதத்தையே புதிய கண்ணோடு பார்க்கின்றாள். பரதம் அங்கே அந்நியமும் அன்று. 1962இல் மாசசூசெற்ஸ் மாநிலத்து ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவிலே ஆடிய பாலசரஸ்வதி அம்மையார், பின்னாளில் கனெற்றிக்கட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலே கற்பித்தும் இருக்கின்றார்.

செலவைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணமும் அந்நகரின் வீட்டு வாடகையும் நடுத்தரக் குடும்பமொன்றைத் திணறடிக்கும். நடன ஆசிரியையின் சம்பளமோ வைத்தியரின் சம்பளம் அன்று. கடன்பட்டுச் செல்வோர் இதை முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கொழும்பிலுள்ள அமெரிக்க–இலங்கை புல்பிரைட் ஆணைக்குழு முதுமாணிப் படிப்புக்குப் புலமைப்பரிசில் வழங்கி வருகின்றது. விண்ணப்பிக்கும் ஆண்டிலே எத்துறைகளுக்கு இடமுண்டு என்பதை அங்கேயே விசாரித்தறிவது நன்று.

நம் நாட்டிலும் பாதை இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன். இராமநாதன் ஆற்றுகை, காண்கலைகள் பீடமும், மட்டக்களப்பிலே சுவாமி விபுலானந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகமும் நடனத்திலே பட்டதாரிகளை உருவாக்குகின்றன. அவர்களுட் பலர் பாடசாலை ஆசிரியைகள் ஆகின்றனர். க.பொ.த. சாதாரண தரத்திலே பரதம் ஒரு பாடம் அல்லவா? ஒரு பாடவேளை, ஒரு வகுப்பறை, மேசை நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவைத்தால் கிடைக்கும் இடம், நாற்பது பிள்ளைகள். அவர்களுட் பெரும்பாலோர் ஒருபோதும் அரங்கேறப் போவதில்லை. அவர்களுக்கு அந்த ஒரு பாடவேளையிலே எதைக் கொடுப்பது? ட்ரில்லிங் அம்மையார் 1916இலே கேட்டனுப்பிய கேள்வி, நம் ஆசிரியைக்கு வாரந்தோறும் எழும் கேள்வி. பென்ட்லியின் வகுப்புக்கு வேண்டியதோ தரையும் பாயும் மட்டுமே. அவை நம் பாடசாலைகளிலும் உண்டு.

இத்துறையிலே நாட்டமுள்ளோர், விண்ணப்பிக்கும் முன்னர் ஹடூப்ளர் 1940ஆம் ஆண்டு வெளியிட்ட நூலைத் தேடிப் படிக்கலாம். நடனம் ஓர் ஆக்க அனுபவம் என்பது அதன் பொருள். அமெரிக்கக் கல்வியாண்டு செப்ரெம்பர் அளவிலே ஆரம்பமாகின்றது. விண்ணப்பங்களோ பெரும்பாலும் அதற்கு முந்திய மாரிகாலத்திலேயே போய்ச் சேர வேண்டும். ஆங்கிலத் தேர்வுப் பெறுபேறு, பல்கலைக்கழகச் சான்றிதழ்கள், ஆசிரியர் இருவர் மூவரின் பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றோடு, ஏன் கற்பிக்க விரும்புகின்றீர் என்று விண்ணப்பதாரியே எழுதும் கட்டுரையும் கேட்கப்படும். ஆடிய மேடைகளின் பட்டியலை அதிலே எழுதி நிரப்பாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வருக்கேனும் கற்பித்துப் பார்த்து, அங்கே எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுவது நன்று.